பேங்க் வெளியே இருக்கட்டும், குப்பை உள்ளே போகட்டும்

விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் பற்றி எப்போது எழுதினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அப்போ நெட்பேங்கிங்கை அதுக்குள்ள திறந்தா சேஃப்தானே?" இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: 2019-ல் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்போடு வந்த வசதி இது. உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு புத்தம்புது விண்டோஸ் ஒரு ஜன்னலில் திறக்கும், அதற்குத் தனி கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி), தனி டெஸ்க்டாப், உள்ளே எட்ஜ் பிரவுசர். உங்கள் பைல்கள், சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின்கள் எதுவும் அங்கே இருக்காது. மூடும்போது எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்கும். சரி என்று அமுக்கினால் உள்ளே நடந்த அத்தனையும் காலி. பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் இறக்கிய பைல் உங்கள் டவுன்லோட்ஸில்தான் வந்து உட்காரும்.

இந்தச் சுவர் ஒரு பக்கத்துக்குத்தான். உள்ளே இருப்பது வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. கொசுவைப் பிடித்துப் போடுகிற பாட்டில் இது, நாம் உள்ளே போய்ப் படுக்கிற கொசுவலை கிடையாது. வெளியே உங்கள் விண்டோஸில் கீலாகர் (தட்டுவதையெல்லாம் திருடிப் பதிவு செய்யும் நிரல்) ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், நீங்கள் தட்டும் எழுத்து அதைத் தாண்டித்தான் சாண்ட்பாக்ஸுக்குள் போகிறது. அங்கே பேங்க் பாஸ்வேர்டைத் தட்டி என்ன பிரயோஜனம்?

ஆகவே உள்ளே அனுப்ப வேண்டியது சந்தேகமான சரக்கை. "மின் கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வரும் லிங்க், முன்பின் தெரியாதவர் அனுப்பிய பிடிஎஃப், கிராக் சாஃப்ட்வேர் தளம் (போகாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்). 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது ஞாபகமிருக்கும். ஸ்பான்சர்ஷிப் பிடிஎஃப் என்று வந்ததை ஊழியர் ஒருவர் திறந்தார், அது பிரவுசரில் இருந்த செஷன் விவரங்களை, அதாவது ஏற்கெனவே லாகின் செய்தவர் என்பதற்கான அடையாளத்தை, வாரிக்கொண்டு போய்விட்டது. பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை, ஓடிபியும் தேவைப்படவில்லை, லாகின் செய்த நிலையிலேயே சேனல் அடுத்தவன் கைக்குப் போனது. அதே பைல் சாண்ட்பாக்ஸில் ஓடியிருந்தால் திருட அங்கே ஒரு லாகினும் இருந்திருக்காது.

ஓட்டைகளும் உண்டு. கிளிப்போர்டு இரண்டு பக்கமும் பொது, வெளியே காப்பி செய்த பாஸ்வேர்டை உள்ளே இருப்பது படிக்கலாம். நெட்வொர்க்கும் திறந்தே இருக்கும், அதாவது அதே வைஃபையில் உள்ள மற்ற கருவிகளை அது தொட்டுப் பார்க்கலாம். இரண்டையும் சாண்ட்பாக்ஸுக்கான .டபிள்யுஎஸ்பி (.wsb) என்ற அமைப்பு பைலில் அணைக்க முடியும். லிங்க் பார்க்க நெட் வேண்டும், ஆனால் பைல் மட்டும் பார்ப்பதென்றால் நெட்டை அணைத்துவிடுங்கள்.

சாண்ட்பாக்ஸ் போல கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியையே உடைத்து வெளியே வர முடியாதா? முடியும். 2017 பிவின்டுஓன் (Pwn2Own) ஹேக்கிங் போட்டியில் ஒரு சீனக் குழு, விஎம்வேர் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் ஓடிய எட்ஜில் தொடங்கி வெளியே உள்ள கணினிவரை வந்து காட்டி 1,05,000 டாலர் பரிசு வாங்கியது. அந்த விலை ஆயுதத்தை மின் கட்டண எஸ்எம்எஸ் அனுப்புகிறவன் உங்கள் மேல் செலவழிக்க மாட்டான். அவனுக்கு உங்கள் ஓடிபி போதும், அதைப் போலிப் பக்கத்தில் நீங்களே தட்டிக் கொடுத்தால் எந்தச் சுவரும் உதவாது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இது ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் உண்டு, கடையில் வாங்கும் சாதாரண லேப்டாப்பில் வரும் ஹோம் பதிப்பில் கிடையாது. எட்ஜிலேயே தனி ஜன்னலாக இதைச் செய்த அப்ளிகேஷன் கார்டு ஹோமுக்கு வரவே இல்லை, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதை மொத்தமாகவே தூக்கிவிட்டார்கள். நாள் முழுக்க ஊரார் பென்டிரைவையும் மெயிலையும் திறக்கிற ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் இது முதலில் வேண்டும், அவரிடம் பெரும்பாலும் இருப்பது அந்த ஹோம்தான்.

ஹோம் வைத்திருப்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளைப் போட்டு, அதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவி, எதையும் திறப்பதற்கு முன்பே ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நிலையின் நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். வேலை முடிந்ததும் பழைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பிவிடலாம். 8 ஜிபி ரேமில் கொஞ்சம் முக்கும், ஆனால் ஓடும்.