கிரைண்டர் யாருக்கு?

சனிக்கிழமை விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. அங்கே மைக்கைப் பிடித்து ஓர் அண்ணன் சொன்ன ஒரே ஒரு வரிதான் மூன்று நாளாக உறுத்துகிறது: "சண்டையில்லாமப் பிரியிறவனுக்கு எதுக்குய்யா கவுன்சலிங்?" கைதட்டல் வேறு.

அண்ணே, அப்படி மனைவியைப் பிரிந்தவன் நான்தான். மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

சண்டையில்லை. சரி. வலியுமில்லை என்று யார் உங்களிடம் சொன்னது?

1 ஜூலை 2024 முதல் இங்கே சிங்கப்பூரில் கணவன் மனைவி இருவரும் ஒப்புக்கொண்டே மணமுறிவு கேட்கலாம். முன்பெல்லாம் பெரும்பாலும் ஒருவர் மற்றவரின் குற்றங்களை எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து காட்ட வேண்டும். சேற்றை வாரிப் பூசும் வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஏன் பிரிகிறோம், சேர்ந்து வாழ என்னென்ன செய்து பார்த்தோம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். பன்னிரண்டு வருடத்தை நாலு பத்தியில் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பற்றிப் பேச ஒரு மாலை, மகள் எந்த நாள் யாரோடு என்று பேச இன்னொரு மாலை. குரலே உயரவில்லை. அப்புறம் சமையலறைக்கு வந்தோம். அவள் கிரைண்டரைத் துடைத்து, ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, "நீங்களே வச்சுக்குங்க, உங்களுக்குத்தான் இட்லி இல்லாம முடியாது" என்றாள். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சண்டை போட்டிருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். திட்ட ஆளில்லாத அழுகையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கவுன்சலிங்கில் ஆலோசகர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. மணமுறிவுக்கு நீதிமன்றம் முதலில் தரும் இடைக்காலத் தீர்ப்புக்கும் அதை முடித்துவைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே மூன்று மாதம். விடியற்காலையில் காரிடாரில் நின்று எதிர் புளோக்கில் எரிகிற விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தவனைத் தூங்கினாயா என்று கேட்டது அவர் ஒருவர்தான். "நல்லவேளை, சண்டையில்லாம முடிஞ்சுது" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மறுபடியும் அதே சண்டைப் பேச்சு!

'கவுன்சலிங் போனால் பிரித்துவிடுவார்கள்' என்று ஒருவர் கட்டாயம் வருவார். நாங்கள் போனபோது முடிவெடுத்தாகிவிட்டது ஐயா. மகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்ததே அந்த அறையில்தான். 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், பிரிந்தாலும் பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்பது பற்றிப் பெற்றோருக்கு நடத்தும் கட்டாயத் திட்டத்தை முடிக்காமல் மணமுறிவு மனுவே போட முடியாது. சட்டத்துக்குப் புரிகிறது. காசு ஆகுமே என்கிறீர்களா? குடும்பச் சேவை நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

அப்புறம், 'நம்ம பாட்டிமார் கவுன்சலிங்கா போனாங்க?' என் அப்பாயி செம்பவாங்கில் தாத்தாவோடு இருபது வருடம் பேசாமல் குடும்பம் நடத்தியவர். தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பார். தாத்தாவும் சுவரிடம்தான் உப்பு கேட்பார். இதுதான் நீங்கள் சொல்லும் பொற்காலம் என்றால் அந்தச் சுவருக்குத்தான் மாலை போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விருந்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. அவளுக்கு வரவில்லை. வருடா வருடம் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கும் சேர்த்து முறுக்குச் சுற்றியவள் அண்ணே அவள். உங்கள் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோனது யார்? நானா? எனக்குக் கஞ்சி வைக்கவே தெரியாது. நாங்கள் பகையில்லாமல் பிரிந்தோம், பகையை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் அந்த வரியைச் சொன்னபோது என் மகள் பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று கரண்டியை வைத்துவிட்டு அவளும் கைதட்டினாள்.