'இங்கே படம்' என்று பெட்டி போட்டு அனுப்பாதீர்கள்

போன வாரம் ஒரு பதிப்பகத்திலிருந்து, படம் வரைந்து தரச் சொல்லி சிறுவர் கதை ஒன்று வந்தது. 16 பக்கம். எழுத்தையெல்லாம் கோத்து முடித்து, மிச்சமிருந்த இடங்களில் பெட்டி போட்டு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 'இங்கே படம்' என்று எழுதியிருந்தார்கள். 10 நாளில் வேண்டுமாம். அந்த 10 நாளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பெட்டிகளைத்தான் தாங்க முடியவில்லை.

மந்தையை விட்டுப் பிரிந்துபோன ஒரு செம்மறிக் குட்டியின் கதை. நல்ல கதைதான். ஆனால் குட்டி கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, வேப்ப மரத்தடியில் பயந்து நின்றது என்று எல்லாவற்றையும் எழுத்தே சொல்லிவிட்டால் நான் எதை வரைவது? வாசிக்கத் தெரியாத நாலு வயசுப் பிள்ளை, அம்மா வாசிக்க வாசிக்கப் படத்தைத்தான் மேய்ந்துகொண்டிருக்கும். மரத்துக்குப் பின்னால் மேய்ப்பவரின் துண்டு நுனி தெரிகிறது, குட்டி பார்க்கவில்லை, பிள்ளை பார்த்துவிட்டு 'அந்தா இருக்காரு!' என்று கத்துகிறது. அந்தத் துண்டு எழுத்தில் வரவே கூடாது. எழுத்தைக் கோக்கும் முன்னாலேயே எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

முதல் மூன்று நாலு வாசிப்பு வரை நான் பென்சிலைத் தொடமாட்டேன். அப்புறம் பக்கத்துக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவில் கிறுக்கல்கள். அது முடிந்ததும் ஏ4 தாளை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம். தாளைத் திருப்பும்போது எது திடீரென்று கண்ணில் பட வேண்டும் என்பது டம்மியைப் புரட்டினால்தான் பிடிபடும். இன்னொன்றும் தெரியும்: நடுவில் பின் அடிக்கிற 16 பக்கப் புத்தகத்தில் 8, 9 மட்டும்தான் ஒரே தாளாக விரியும். மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் வேறு வேறு தாளில் அச்சாகி மடிப்பில் வந்து சேர்பவை, கொஞ்சம் பிசகினால் போச்சு. இது தெரியாத காலத்தில் 4, 5க்குக் குறுக்கே ஒரு காளையை வரைந்து, கழுத்து ஒடிந்த காளையோடு புத்தகம் வெளிவந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை மதுரை யானைமலையை 8, 9க்கு ஒதுக்கிவிட்டேன். ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்த்தால் யானை படுத்திருக்கிற மாதிரியே தெரியும் அந்த மலையை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது?

செம்மறி என்று இணையத்தில் தேடினால் பஞ்சுப்பொதி மாதிரி வெளிநாட்டு ஆடுதான் வருகிறது. நம் பக்கத்து ஆட்டுக்கு அவ்வளவு கம்பளி ஏது, முடி உடம்போடு ஒட்டித்தான் இருக்கும். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, வாலைத் தூக்கி வச்சா அது வெள்ளாடு. செம்மறிக்கு வால் தொங்குமப்பா" என்றார். நான் வரைந்து வைத்திருந்த ஏழு குட்டிக்கும் வால் மேலேதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஏழையும் அழித்தேன்.

டம்மியைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மறுநாளே கதை எழுதியவர் போனில் வந்தார், கொஞ்சம் கோபமாகத்தான். ஒரு மணி நேரம் பேசினோம். கறுப்பை வெட்டச் சம்மதித்தார், வேப்ப மரத்தையும் விட்டுக்கொடுத்தார். நெற்றிப் பொட்டை மட்டும் எழுத்திலிருந்து எடுக்கமாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.