சுத்தியலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை விருந்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் கை கால் முளைத்து வந்திருக்கும். என்னோடு வேலை செய்கிறவன் கழுத்தில் கிடந்த வெள்ளிச் சுத்தியலைக் காட்டி, "தோர் படத்துக்கு ரசிகர் மன்றமா?" என்று கேட்டார் ஒரு அண்ணன். ஒரு மேசையே சிரித்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்பு விளங்காதா?

தோர் அவனுடைய சாமி, ஐயா, சுத்தியல் அந்தச் சாமியின் ஆயுதம். சினிமா இல்லை, சாமி.

ஓடின், தோர், ஃபிரெய்யா என்ற பழைய வடதேசத் தெய்வங்களை வணங்கும் ஆசாத்ரு வழி அவனுடையது. ஐஸ்லாந்தில் 1972இல் ஸ்வெய்ன்பியோர்ன் என்ற விவசாயக் கவிஞர் சிலரைச் சேர்த்துச் சங்கம் தொடங்கினார். அடுத்த வருடமே அரசு அங்கீகரித்தது. இன்று ஐயாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள். கல்யாணம், பெயர் சூட்டல், அடக்கம் எல்லாம் செய்கிறார்கள். ரசிகர் மன்றமாம்!

போன இலையுதிர் காலத்தில் என்னையும் 'ப்ளோட்' என்ற அவர்களுடைய வழிபாட்டுக்குக் கூட்டிப்போனான். ஒஸ்லோவுக்கு வெளியே, காட்டோரம். நெருப்பைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். கொம்பு ஒன்று கைமாறி வந்தது, உள்ளே தேன்மது. குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சாறு. முதல் சுற்று தெய்வங்களுக்கு, அடுத்தது முன்னோருக்கு, அப்புறம் அவரவர் மனதில் இருப்பதற்கு. கொம்பு யார் கையிலோ அவர்தான் பேசலாம். நுனியைப் பக்கவாட்டில் திருப்பாமல் குடித்தால் காற்றுக் குமிழி குபுக்கென்று முகத்தில் அடிக்கும். எனக்கு அடித்தது. ஒரு வயதான அம்மா தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டு அழுதார், யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் என் அம்மம்மாவின் பெயரைச் சொன்னேன். மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்கள். ஆடும் வெட்டவில்லை, கொம்பு வைத்த தொப்பியும் போடவில்லை.

"செத்த மதத்தைத் தோண்டி எடுத்தவர்கள்தானே" என்பீர்கள். 1000ஆம் ஆண்டு வாக்கில் ஐஸ்லாந்தின் நாட்டுச் சபையான அல்திங் கூடிக் கிறிஸ்தவத்தை ஏற்றது உண்மை. கதைகளில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் எழுதி வைத்ததால் மிஞ்சியது. சடங்குகளில் நிறைய இந்தக் காலத்தில் கட்டியவை, அவர்களே மறைக்காமல் சொல்கிறார்கள். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் ஓடின் வருவதை யாரும் அப்படியே நம்புவதில்லை, அதெல்லாம் கவிதை என்று ஐஸ்லாந்துச் சங்கத்தின் தலைமைக் குரு ஹில்மரே சொன்னவர். நம் கோயிலில் நடப்பதெல்லாம் ஆதியிலிருந்து மாறாமல் வருகிறதா? கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

அப்புறம் ஒருவர் போன் எடுத்து, "அவங்கள் நாசிக் கூட்டம், கவனம் தம்பி" என்றார். அக்கறையாம். ஹிட்லரின் எஸ்எஸ் படை ரூன் என்ற பழைய வடதேச எழுத்துகளைத் திருடியது, இன்றைக்கும் வெள்ளை இனவெறிக் கழிசடைகள் அந்தச் சுத்தியலை மாட்டித் திரிகின்றன. தெரியும். அதே ஐஸ்லாந்துச் சங்கம் ஓரினத் தம்பதிகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறது என்று வெளிநாட்டுக் கழிசடைகளிடமிருந்து வசைக் கடிதம் வாங்கியதும் தெரியுமா? 2016இல் பல நாட்டு அமைப்புகள், தீமையைக் கண்டால் வாய் திறந்து சொல் என்னும், ஹாவமால் என்ற பழைய வடதேச நூலின் 127ஆம் பாடலை முன்னால் வைத்து, அமெரிக்க இனவெறிக் குழுவொன்றோடு உறவில்லை என்று கையெழுத்துப் போட்டது தெரியுமா?

இதையெல்லாம் விடுங்கள். சின்னத்தைப் பார்த்து ஆளை எடை போடுவது என்றால் முதலில் மாட்டுவது நாம்தான். புது வீட்டு நிலையில் என் அம்மா மஞ்சளில் போட்ட சுவஸ்திகாவைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண் முகம் வெளிறி நின்றார். உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து விளக்க வேண்டியிருந்தது. அவர் காது கொடுத்துக் கேட்டார். நக்கலடிக்கவில்லை.

தேருக்குக் காவடி எடுத்தவனின் முதுகைப் பார்த்துச் சிரித்த நோர்வேப் பொடியனோடு, "இது எங்கள் நம்பிக்கை, மரியாதை கொடு" என்று நடுவீதியில் சண்டைக்குப் போனதும் இதே மேசைக்காரர்கள்தான். நானும் கூட நின்றேன். மரியாதை நமக்கு மட்டும் வேண்டுமா?

"உனக்குச் சைவம் போதாதா?" என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு: நான் மதம் மாறவில்லை, வெள்ளிக்கிழமை இன்றும் விரதம்தான். மாறினாலும் உங்களிடம் கேட்டுவிட்டு மாறப்போவதில்லை.