இரும்புத் தலை அண்ணனுக்காகவே ‘ஷாவோலின் சாக்கர்’

குங்ஃபூ தெரிந்தவர்கள் கால்பந்து ஆடும் ஹாங்காங் நகைச்சுவைப் படம் ‘ஷாவோலின் சாக்கர்’. அது என்றாலே பந்து நெருப்பு பிடித்துப் பறப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் படம் என்றால் அந்த அணியின் முதல் பயிற்சி ஆட்டம்தான்.

அணியில் ஒரே குருவிடம் குங்ஃபூ வித்தை படித்த ஆறு பேர். இரும்புத் தலை என்று பெயரெடுத்த மூத்தவர் இரவு விடுதியில் வேலை பார்க்கிறார், முதலாளிக்குக் கோபம் வந்தால் பாட்டில் அவர் தலையில்தான் உடையும். ஸ்டீபன் சோ நடிக்கும் சிங் குப்பை பொறுக்கி விற்கிறான். படம் வந்தது 2001இல், 1997 நிதி நெருக்கடியில் ஹாங்காங்கில் எத்தனையோ பேர் வேலை இழந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னால். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த முகங்கள் தெரிந்த முகங்களாகத்தான் இருந்திருக்கும்.

சரி, அந்த ஆட்டம். எதிரணி முழுக்க ரவுடிகள், சுத்தியலை மறைத்துக்கொண்டு வந்து அடிக்கிறார்கள். தாங்க முடியாமல் இரும்புத் தலை அண்ணன் சரணடைகிறேன் என்கிறார். அப்படியானால் என் ஜட்டியைத் தலையில் மாட்டிக்கொள் என்கிறான் எதிரணித் தலைவன். அவரும் மாட்டிக்கொள்கிறார். அதுவரை விழுந்து விழுந்து சிரித்த எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் மறந்துபோன குங்ஃபூ ஒவ்வொருவர் உடம்பிலும் திரும்பி வருகிறது. இந்த அவமானத்தைக் காட்டாமல் நேராக வித்தையைக் காட்டியிருந்தால் அது வெறும் கிராஃபிக்ஸ்தான். அண்ணனாக நடித்த வோங் யாட்-ஃபெய்க்குச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. 2002 ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகர் உட்பட மொத்தம் ஏழு விருதுகள்.

சம்பந்தமே இல்லாமல் வந்து விழும் இந்த வகைச் சிரிப்புக்குக் கான்டனீஸில் ‘மோ லெய் டௌ’ என்று பெயர். பாதிச் சிரிப்பு அவர்கள் பேசும் ராகத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மிராமாக்ஸ் நிறுவனம் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டி, ஆங்கில டப்பிங்கும் செய்து வைத்ததில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தயவுசெய்து முழுப் படத்தைக் கான்டனீஸிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள்.

நடிகர் ங் மான்-டாட் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. காசோலைக்கு ஆசைப்பட்டு ஒரு பெனால்டியைத் தவறவிட்டு, காலும் உடைந்து, வாழ்நாள் முழுக்க நொண்டும் பழைய கால்பந்து வீரர் ஃபங்காக நடித்தவர் அவர்தான். சோவும் அவரும் ஜோடியாக எத்தனையோ படங்களில் சிரிக்க வைத்தார்கள், இதுதான் இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படம். 2021 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்ததும் ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒருகாலத்தில் தன் நிழலில் கிடந்து, இப்போது பெரிய ஆளாகிவிட்ட சக வீரன் ஹங்கின் ஷூவை ஃபங் துடைப்பார்; துடைத்துவிட்டுப் பயிற்சியாளர் வேலை கேட்பார், அவனோ உன் காலை உடைக்கச் சொன்னதே நான்தான் என்பான். அதைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.