இந்த ஊருக்குன்னு ஒரு சோறு கிடையாதாமே!

அந்த வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க. பார்த்துட்டேன். நேத்து ராத்திரி தூக்கம் வராம இன்னொரு வாட்டியும் பார்த்தேன்.

சென்னைக்கு வந்தா கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்து. அதுல மதுரை கறிதோசை இருக்கு, ஜிகர்தண்டா இருக்கு, திண்டுக்கல் பிரியாணி இருக்கு, பள்ளிபாளையம் சிக்கன் இருக்கு. ஓஎம்ஆர்ல ஒரு கொரியன் கடைகூட இருக்கு. எல்லாம் நல்ல சாப்பாடுதான், நானும் திங்கிறவன்தான். கடைசியில அந்தத் தம்பி கேமராவைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரே, "சென்னைக்குன்னு சொந்தமா சாப்பாடு எதுவும் கிடையாது ப்ரோ"ன்னு, அந்த ஒத்தை வரிக்குத்தான் இந்தப் பதிவு.

தெரியலைன்னு சொல்லியிருந்தா ஒரு லைக் போட்டுட்டுப் போயிருப்பேன். கிடையாதுன்னா எப்படி?

சைதாப்பேட்டை வடகறி எந்த ஊருது? கடலைப்பருப்பை ஊறவெச்சு, சோம்பு போட்டுக் கரகரன்னு அரைச்சுப் பொரிச்செடுத்து, உதிர்த்து, பட்டை கிராம்பு மணக்குற மசாலாவுல கொதிக்கவிட்டு, காலையில இட்லிக்கும் செட் தோசைக்கும் ஊத்துற அந்த வடகறி? "அது மிச்சமான வடையில செய்றதுதானே"ன்னு உடனே ஒருத்தர் கிளம்புவார். ஆமாங்க, அப்படித்தான் ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க. மிச்சத்துல செஞ்சா அது சமையல் இல்லையா? இத்தாலிக்காரன் காய்ஞ்ச ரொட்டியைத் தண்ணியில நனைச்சு சாலட்னு கொடுத்தா போட்டோ எடுத்துப் போடுறீங்க.

சரி, சிக்கன் 65? மவுண்ட் ரோடு புகாரியில 1965ல மெனுவுல ஏறுச்சுன்னு அவங்களே சொல்றாங்க. நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்த ஐட்டம். அதுகூட அந்தப் பத்துல இல்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். அப்பா ஹார்பர்ல வேலை பார்த்தார். சம்பள நாள் அன்னைக்கு என்னையும் தங்கச்சியையும் பீச் ஸ்டேஷன் எதிர்ல இருக்குற அத்தோ கடைக்குக் கூட்டிட்டுப் போவார். மஞ்சளா கெட்டி நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரிச்ச வெங்காயம், பொரிச்ச பூண்டு, புளித்தண்ணி, மிளகாத்தூள் எல்லாத்தையும் கடைக்காரர் கையாலயே பிசைஞ்சு, மேல மொறுமொறுன்னு பொரிச்ச பேஜோவை நொறுக்கிப் போடுவார். கூட சூடா வாழைத்தண்டு சூப். அவிச்ச முட்டையைப் பிளந்து உள்ள வெங்காயமும் புளியும் வெச்சுக் கொடுப்பாங்க, அதை அப்படியே முழுசா வாயில போட்டுக்கணும். தங்கச்சிக்கு வாய் பத்தாது, பாதி சட்டை மேல விழும். அப்பா சூப்பை இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லி வாங்கிக் குடிப்பார்.

இப்போ "அத்தோ பர்மா சாப்பாடாச்சே, அது எப்படி உங்க சாப்பாடு?"ன்னு கேட்பீங்க. கேளுங்க. 1962ல அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு, தலைமுறை தலைமுறையா அங்க வாழ்ந்த நம்ம சனங்க கடையையும் வீட்டையும் விட்டுட்டுக் கப்பல் ஏறி இந்த ஹார்பர்லதான் வந்து இறங்கினாங்க. அவங்க கடை போட்டுப் பிழைக்க 1969ல பர்மா பஜார் வந்துச்சு. கையில ஒண்ணும் இல்லாம வந்தவங்க நாக்குல கொண்டு வந்தது அது. அறுபது வருஷமா எங்க தெருவுல கிடைக்கிறது எங்க சாப்பாடு இல்லைன்னா, மிளகாயும் தக்காளியும் எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு முதல்ல விசாரிச்சுட்டு வாங்க.

"அப்போ வெளிய இருந்து வந்ததுதானே, அந்தப் பையன் சொன்னதும் அதானே"ன்னு மடக்குறவங்களுக்கு: அது வேற, இது வேற. அவ்வளவுதான் சொல்லுவேன்.

வராததும் இருக்கு, அதையும் சொல்றேன். 1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கோட்டைக்கு இடம் வாங்குறதுக்கு முன்னாடியே இந்தக் கரையில மீன் பிடிச்சவங்க இருந்தாங்க, மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஊரா இருந்துச்சு. அவங்க எல்லாம் என்ன, ஜிகர்தண்டா வர்ற வரைக்கும் பட்டினியா கிடந்தாங்களா? இப்போ ஆடி பொறந்தாச்சு. எந்தத் தெருவுல வேணா போய்ப் பாருங்க, அம்மன் கோயில் வாசல்ல அண்டா அண்டாவா கூழ் ஊத்துறாங்க. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைச்சுப் புளிக்க வெச்சு, மறுநாள் நொய்யை வேகவெச்சு அதுல ஊத்திக் கிண்டுறது. வெயில் காலத்துல வண்டியில ஒரு சொம்பு கூழ், தொட்டுக்க மோர் மிளகாய், மாங்காய், கருவாடு. ஆட்டோக்காரரும் கொத்தனாரும் வண்டியைச் சுத்தி நின்னுக்கிட்டே குடிப்பாங்க. அது கேமராவுல அழகா வராது, ஒத்துக்குறேன். சாம்பல் கலர்ல இருக்கும்.

புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் பீஃப் பிரியாணி அண்டா திறக்குற வாசனை தெரியாம ஒருத்தர் சென்னையில சாப்பாட்டு வீடியோ எடுக்குறார்னா, அவர் வடசென்னைப் பக்கம் இறங்கவே இல்லைன்னு அர்த்தம். "அதெல்லாம் எல்லாரும் சாப்பிட மாட்டாங்க சார்." சாப்பிட வேண்டாம் சார். யாரையும் கையைப் பிடிச்சு இழுக்கலை. இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. இல்லைன்னு சொல்லாதீங்க.

சுத்தம் பத்திப் பேச வர்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. பாங்காக்குல பிளாட்பாரத்துல நின்னு சாப்பிட்டுட்டு ரீல்ஸ் போட்டவங்க எங்க தெருவுக்கு வந்தா மட்டும் மூக்கைப் பொத்துறாங்க. போங்கப்பா.

ஒண்ணு சொல்லணும். சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன்.

பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர் ஆபீஸ்ல இருந்து மேனேஜர் ஒருத்தர் வந்தார். நல்ல மனுஷன். "உங்க வீட்டுப் பக்கம் என்ன சாப்பிடுவீங்களோ அதை எனக்கும் வாங்கிக் கொடுங்க"ன்னு கேட்டார். ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். அம்மா விடிகாலையில எழுந்து காசிமேடு போய் பால் சுறா வாங்கிட்டு வந்துட்டாங்க. வேகவெச்சு, தோலை உரிச்சு, உதிர்த்து, பூண்டும் பச்சை மிளகாயும் அள்ளிப் போட்டு சுறாப் புட்டு. கூட சங்கரா மீன் குழம்பு. எனக்கு மதியம் வரைக்கும் கூட்டிட்டுப் போற எண்ணம்தான் இருந்துச்சு. கார்ல ஏறினதும் எங்க தெரு ஞாபகம் வந்துடுச்சு. சாக்கடை, தண்ணி லாரி, வாசல்ல அடுக்கி வெச்ச குடங்க. நேரா நுங்கம்பாக்கத்துல ஒரு ஏசி ஓட்டலுக்கு விட்டேன். மரத்தூணெல்லாம் நிறுத்தி வெச்ச செட்டிநாட்டு ஓட்டல். "இதுதான் உங்க வீட்டுச் சாப்பாடா?"ன்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன்.

நான் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது ஆச்சு. அம்மா திட்டலை. "அவரு வேலையா போயிட்டாராப்பா"ன்னு மட்டும் கேட்டுட்டு, புட்டைச் சுட வெச்சு எனக்குப் போட்டாங்க.

அதனால அந்தத் தம்பி மேல நான் பாயுறது நியாயமான்னு கேட்டா, தெரியலை. அவர் எந்த ஊர்னே எனக்குத் தெரியாது. அவருக்கு யாரும் காட்டலை. ஆனா பத்து லட்சம் பேர் பார்க்குற இடத்துல நின்னு பேசுறவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏதாவது ஒரு பஸ்ல ஏறி வடக்கால வந்து இறங்கிப் பார்த்திருக்கலாம். லிஸ்ட்ல சேர்க்கக்கூட வேண்டாம். கிடையாதுன்னு சொல்லாம இருந்திருக்கலாம்.

"ஒரு சின்னப் பையன் வீடியோவுக்கா இவ்ளோ நீளப் பதிவு"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: அந்த வீடியோவை எனக்கு முதல்ல அனுப்பினது என் பொண்ணு. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கா. "நூறு சதவீதம் உண்மைப்பா"ன்னு எழுதி, சிரிக்கிற பொம்மை மூணு போட்டிருந்தா. அவளை நான் அத்தோ கடைக்கு ஒரு வாட்டிகூடக் கூட்டிட்டுப் போனதில்லை. வளசரவாக்கம் வந்த பிறகு அந்தப் பக்கம் போறதே சாவு வீட்டுக்குத்தான்.

பாப்பா, நீ முகநூல் பக்கம் வர மாட்டே, உங்க அம்மா காட்டுவா. அடுத்த வாரம் லீவுக்கு வர்றேல்ல, ஞாயித்துக்கிழமை நாலரைக்கு எழுப்புவேன், மூஞ்சியைத் தூக்கக் கூடாது. தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கு, சுறா கிடைக்கும். புட்டு எப்படிச் செய்யணும்னு மட்டும் பெரியம்மாவுக்கு போன் போட்டுக் கேட்கணும். பாட்டிகிட்ட நான் கேட்டு வெச்சுக்கலை.