எந்த டாலர்?

(கரீபியன் கடலில் உள்ள அங்குவிலாத் தீவு, புளோயிங் பாயிண்ட் படகுத்துறை. ஓட்டல் சமையல்காரர் செல்வம், புதுசா வேலைக்கு வந்திறங்கும் குமாரை அழைத்துப்போக வந்திருக்கிறார்.)

குமார்: என்னண்ணே, பக்கத்துத் தீவு செயின்ட் மார்ட்டின்ல படகு ஏறி அரை மணி கூட ஆகல, ஊரு வந்துடுச்சு. மலை ஒண்ணையும் காணோமே?

செல்வம்: குரோக்கஸ் ஹில்னு ஒண்ணு இருக்கு. பேருலதான் ஹில். மொத்தத் தீவே நீளம் 26 கிலோமீட்டர், அகலம் 5. பை ஏன்டா இந்தக் கனம் கனக்குது?

குமார்: மிக்ஸி. 750 வாட்ஸ். அம்மா குடுத்து விட்டாங்க.

செல்வம்: வீட்டுல கரண்ட் 110 வோல்ட்டுடா! நம்ம ஊரு 230 வோல்ட் மிக்ஸி இங்க தேங்காயைத் தடவிக் குடுக்கும், அரைக்காது.

குமார்: வேற வழி?

செல்வம்: வோல்ட்டேஜை ஏத்துற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும். அதுவும் 1500 வாட்ஸ். மோட்டார் கிளம்பும்போது இழுக்குற இழுப்புக்குச் சின்னது தாங்காது, ஃபியூஸ் போயிடும். மிக்ஸியை விட அது கனம்.

குமார்: சரி, ஆத்துல குளிச்சாவது மனசை ஆத்திக்கறேன்.

செல்வம்: ஆறா? முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்யிற மழையை அதுவே குடிச்சிடும். கடல் தண்ணியில இருக்குற உப்பை நீக்கித் தர்றாங்க. வீட்டுக்குக் கூரைத் தண்ணிதான், தரைக்கு அடியில தொட்டி. மழை ஆரம்பிச்சதும் தொட்டிக்குப் போற குழாயைக் கழட்டி விடணும். தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாம் கழுவிப் போனப்புறம்தான் மாட்டணும். உனக்கு முன்னாடி இருந்த பையன் மறந்துட்டான்.

குமார்: என்னாச்சு?

செல்வம்: ஒரு வாரம் குழாயைத் திறந்தா ரசம்.

குமார்: இவ்வளவு பாடா? ஏ.ஐ.ல கோடி கோடியாக் கொட்டுற ஊருன்னாங்களே. அந்தக் கம்பெனியெல்லாம் எந்தப் பக்கம்?

செல்வம்: அந்த ஆட்டைத் தாண்டிப் பாரு. என்ன தெரியுது?

குமார்: இன்னொரு ஆடு.

செல்வம்: அவ்வளவுதான். வெப்சைட் பேரு கடைசியில இந்தியாவுக்கு டாட் இன் வர்ற மாதிரி இந்தத் தீவுக்கு டாட் ஏ.ஐ. 1995லயே ஒதுக்கிட்டாங்க, அப்ப சீந்துவாரில்ல. இப்ப ஏ.ஐ. மோகத்துல உலகமே அந்தப் பேரைக் காசு கட்டி வாங்குது. 2023ல மட்டும் 3.2 கோடி அமெரிக்க டாலர். அரசாங்க வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. ஜனத்தொகை சுமார் 16,000.

குமார்: அப்போ சம்பளத்துக்குக் குறைவில்ல. வருமான வரியும் கிடையாதாமே?

செல்வம்: கிடையாது. ஆனா 2022ல கடையில வாங்குறதுக்கு 13 சதவீதம் வரி கொண்டுவந்தாங்க. ஆமா, உனக்குச் சம்பளம் எந்த டாலர்?

குமார்: டாலர்னா டாலர்தானே?

செல்வம்: இந்த ஊரு காசு கிழக்குக் கரீபியன் டாலர். அதுன்னா 2.70 குடுத்தாத்தான் ஒரு அமெரிக்க டாலர். 1976லேருந்து அதே கணக்கு.

குமார்: ஐயய்யோ! அமெரிக்க டாலர்னு நெனச்சு அம்மா கடன்காரனுக்கு வாக்கு குடுத்துட்டாங்களே!

செல்வம்: செப்டம்பர், அக்டோபர்ல புயலுக்குப் பயந்து நிறைய ஓட்டலை மூடிடுவான். அந்த மாசத்துச் சம்பளம் ஒப்பந்தத்துல இருக்கான்னும் பாரு. 2017ல இர்மா புயல் அடிச்ச அடியில கூரை எல்லாம் பறந்துச்சு.

குமார்: இப்படி ஏமாத்துனா ஊர்ல யாரும் போராட மாட்டாங்களா?

செல்வம்: போராடாமலா? 1967ல இந்தத் தீவை ஆண்ட பிரிட்டன் இதைச் செயின்ட் கிட்ஸ் தீவோட சேர்த்துக் கட்டிவிட்டதுக்கு, அங்கிருந்து வந்த போலீஸைக் கப்பலேத்தாத குறையா வெளியேத்திட்டாங்க. வாக்கெடுப்புல பிரியணும்னு 1813 ஓட்டு, வேண்டாம்னு 5. பிரிட்டன்கிட்டயே இருக்கோம்னு கேட்டாங்க. பிரிட்டன் என்ன பண்ணுச்சு தெரியுமா? 1969ல பாராசூட் படையை எறக்குச்சு.

குமார்: சண்டையா?

செல்வம்: சண்டை போட ஆளில்ல. பிரிட்டன் இன்னும் இங்கதான் இருக்கு, கேட்டவங்களுக்குக் கேட்டது கிடைச்சுது.

குமார்: அண்ணே, ஒரு யோசனை. குமார் பிரியாணி டாட் ஏ.ஐ.ன்னு நாமளும் ஒண்ணு பதிஞ்சுட்டா?

செல்வம்: அமெரிக்க டாலர்லதான் கட்டணும். அதுவும் குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து.

குமார்: எனக்கு வேலை பெர்மிட்டே ஒரு வருஷத்துக்குத்தானேண்ணே குடுத்திருக்காங்க!