திருத்துகிறவர்களுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் ஆயிரம் கட்டுரை எழுதிவிட்டால் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கட்டுரைகளுக்குள் போய் பிழையான ஊர்ப்பெயரைச் சரிசெய்து, சான்றில்லாத வரிக்குச் சான்று தேடிப் போடுகிறவரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இலங்கையின் வடக்கே, வன்னியில் இருந்து பங்களிக்கிற பிள்ளைகளில் எனக்குத் தெரிந்த அநேகம் பேர் இந்த இரண்டாவது வகை. இது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

எங்கள் பக்கத்து ஆசிரியை ஒருவர் பாடசாலை விட்டு வந்து, வீட்டு வேலை முடித்து, கைபேசியில்தான் விக்கிக் கட்டுரைகளைத் தொகுப்பார், அதாவது திருத்தி எழுதுவார். ஒரு குளத்தைப் பற்றிய கட்டுரையில், அது இருக்கும் பிரதேச செயலகப் பிரிவு கரைதுறைப்பற்று என்று இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு பிரிவான ஒட்டுசுட்டான் என்று இருந்தது. குளத்தின் பெயரும் அயலிலுள்ள இன்னொரு குளத்தின் பெயரோடு கலந்து கிடந்தது. அவர் கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் பழைய ஆட்களிடம் போய்க் கேட்டார். அச்சில் வந்த கையேடு ஒன்றைத் தேடிப் பிடித்து, பக்க எண்ணோடு சான்று சேர்த்தார். கட்டுரையில் மாறியவை இரண்டே இரண்டு சொற்கள். மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதும் இடமான பயனர் பேச்சுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போகிற ஆயத்த வரவேற்புச் செய்தி (வார்ப்புரு) ஒன்று, அவர் ஏற்றிய படத்துக்கு உரிம விவரம் கேட்கும் அறிவிப்பு ஒன்று. ஒரு மனிதர் அவருக்கென்று எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

போரில், 2009 வரையான இடப்பெயர்வுகளில் எங்கள் சனம் காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் கைவிட்டுத்தான் ஓடியது. ஊர்களைப் பற்றிய விவரம் பல இடங்களில் வயதானவர்களின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்டு, அச்சுச் சான்றோடு ஒத்துப்பார்த்து ஏற்றுகிற ஒருவர் சோர்ந்து ஒதுங்கிவிட்டால், அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வருவார் என்று நான் நம்பவில்லை. குளக்கட்டில் எலிவளையை அடைத்தவரின் பெயரை, கட்டு உடையாத ஆண்டில் யார் கேட்கிறார்கள்?

"தன்னார்வப் பணிதானே, பாராட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. விக்கிச் சமூகத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்தே பதக்கம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. காசு கிடையாது. பேச்சுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரப் படமும் இரண்டு வரியும், அவ்வளவுதான். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகுதியாக உழைக்கும் ஒரு வீதத்தினரில் (நூற்றுக்கு ஒருவர்) சிலரை எழுந்தமானமாகத் தெரிந்து பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். கிடைக்காதவர்களைவிட அவர்கள் அடுத்த 90 நாட்களில் 60 வீதம் அதிகமாகப் பங்களித்தார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் புதியவர்களை வைத்து யானா காலுஸ் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வு 2017இல் வந்தது. அங்கும் வெறும் அடையாள விருதுதான். அது கிடைத்தவர்களில் அடுத்த மாதமும் தொடர்ந்தவர்கள் 20 வீதம் அதிகம். புதிதாக வருகிறவரைத் தக்கவைக்க இவ்வளவு மலிவான வழி கையில் இருக்கும்போது நாம் ஏன் கஞ்சத்தனம் காட்டுகிறோம்?

பெரிய விருதுகளையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க நாட்களில், 2003இலிருந்து தோளில் சுமந்த மயூரநாதனுக்கு கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கும் இயல் விருது 2015ஆம் ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டபோது, ஈழத்திலிருந்து எழுதிய எங்கள் எல்லாருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் விருது ஒருவருக்குத்தான் கிடைக்கும். போட்டிப் பரிசுகளோ பெரும்பாலும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன. எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் எண்ணிக்கைதான் பெருகும். இரண்டு சொல்லைத் திருத்த இரண்டு வாரம் அலைந்தவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் புனைபெயரில் எழுதுகிறவர்கள் காரணத்தோடுதான் அப்படி எழுதுகிறார்கள். பாராட்டுகிறோம் என்று சொல்லி அவர்களை மேடைக்கு இழுத்து, பொன்னாடை போர்த்தி, படத்தை முகநூலில் போடுவது நன்றியாகாது. ஒருவர் எந்தப் பெயரில் உழைத்தாரோ அந்தப் பெயருக்கே நன்றி போய்ச் சேர வேண்டும். மேடைக்கு வரச் சம்மதமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

சொல்கிற நன்றியும் விவரமாக இருக்கட்டும். "அருமை, தொடருங்கள்" என்பதை எந்தக் கட்டுரைக்கும் படிக்காமலே எழுதலாம். "அந்தக் குளத்தின் பிரிவைத் திருத்திச் சான்றும் சேர்த்திருக்கிறீர்கள், பார்த்தேன்" என்று எழுத, பார்த்திருக்க வேண்டும். ஆசிரியைக்கு நான் அப்படித்தான் எழுதினேன். அன்றிரவே பதில் வந்தது: "அண்ணா, பக்கத்து ஊர்க் கட்டுரையிலும் இதே பிழை இருக்கிறது. நாளைக்குப் பார்க்கிறேன்."

உங்கள் விக்கிக் கணக்கில் புகுந்து, உங்கள் ஊர்க் கட்டுரையில் யார் எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்தில், கணக்கு வைத்திருப்பவர் பெயரோடு, நன்றி சொல்லும் இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் எந்தத் தொகுப்புக்கு நன்றி என்பது அவருக்குத் தெரியும். வெளியே உள்ள பதிவில் யார் யாருக்குச் சொன்னார் என்பது மட்டும் இருக்கும். கணக்கில்லாமல் திருத்தியவரின் பெயருக்குப் பதில் இணைய முகவரி எண் (IP) மட்டும் பதிவாகியிருந்தால் அந்த இணைப்பு வராது. அவருக்கு எழுத வேண்டியதைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்; திரும்பி வந்தால் படிப்பார்.